தாம்பரம் லோக்கலும் பிரபுவின் கேள்வியும்

இலக்கணப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, ரயில் அட்டவணையை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முடியுமா? சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை சாதாரணப் பள்ளிகளில் அதைத்தான் செய்து பார்த்தார். அந்த அனுபவம்தான் 1987-இல் வந்த 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி'.

பயிற்சிகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: தகவலைக் கைமாற்றுவது, யோசித்து விடை காண்பது, சொந்தக் கருத்தைச் சொல்வது. நடுவில் இருப்பதுதான் அவருக்குப் பிடித்தது. தாம்பரத்திலிருந்து பத்து மணிக்குள் பீச் போய்ச் சேர எந்த வண்டியைப் பிடிக்கணும்? பையன் இதை யோசிக்கும்போதே மொழி ஒட்டிக்கொள்கிறது. விடையைச் சரிபார்க்க முடிவதால் பயமும் குறையுது. இதுவரை எனக்கும் உடன்பாடுதான்.

இடிக்கிற இடம் வேறு. கருத்துக் கேள்விக்கு உறுதியான விடை இல்லை, ஆரம்பநிலை மாணவன் தடுமாறுவான் என்று அதை அவர் பின்னுக்குத் தள்ளுகிறார். ஆனால், 'இந்த அட்டவணை யாருக்கு வசதி? நீ போட்டால் எதை மாற்றுவாய்?' என்று கேட்கும்போதுதானே விமர்சனமும் கற்பனையும் தொடங்குது?

முதல் கேள்வி ஆறாம் வகுப்பில் என்றால், இரண்டாவதை எட்டாம் வகுப்பிலாவது வைக்கலாம். பதில் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் வரட்டுமே. மொழியைப் பார்க்காதே, விடையைப் பார் என்பதுதானே பிரபுவின் வழி!