ஏவாளின் வழக்கும் ஏமிலியா அம்மையாரும்

ஏவாள் கனியைப் பறித்தாள்; ஆதாமுக்கும் கொடுத்தாள்; ஆதலின் பெண்ணினம் முழுவதும் ஆணுக்கு அடங்கி நடத்தல் வேண்டும். இங்கிலாந்தின் பிரசங்க மேடைகளில் நெடுங்காலம் முழங்கிவந்த நியாயம் இதுவே. தீர்ப்பாகிவிட்ட இவ்வழக்கை மறு விசாரணைக்குக் கொண்டுவந்தார் ஒரு பெண்மணி. அவர் வழக்காடிய மன்றம் 1611ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் அச்சேறிய ஒரு செய்யுள் நூல். அவர் பெயர் ஏமிலியா லேனியர்.

நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் வரி வரியாக நெட்டுருச் செய்தோம். இவ்வம்மையாரின் பெயரை நமக்கு எவரும் சொன்னாரில்லை. ஆதலின் அன்னாரைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் அவசியம்.

ஏமிலியா 1569ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றவர். வெனிஸ் நகரிலிருந்து வந்து ஆங்கில அரசவையில் வாத்தியக்காரராக விளங்கிய பாப்டிஸ்டா பஸ்ஸானோவின் புதல்வி. 1592இல் அல்பான்ஸோ லேனியர் என்னும் மற்றோர் இசைவாணரை மணந்தார். 1617இல் லண்டனில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி நடத்தினார். 1645இல் மறைந்தார். ‘யூதர்களின் அரசராகிய தேவனே வாழ்க’ என்று பொருள்படும் இலத்தீன் பெயர் தாங்கிய நூல் ஒன்றே அவர் அச்சிட்டது. அதன் நடுநாயகமான செய்யுள் 1,800 அடிகளுக்கு மேற்பட்டது. கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுவது.

அச்செய்யுளின் இடையில்தான் ஏவாளின் வழக்கு வருகின்றது. வேதத்தில் பிலாத்துவின் மனைவிக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வசனம்: அந்த நீதிமானை ஒன்றும் செய்ய வேண்டாமென்று கணவனுக்கு அவள் ஆள் அனுப்புகிறாள். அவ்வொரு வசனத்தின் வாயிலாக அம்மையார் பெரியதொரு வாதத்தைத் தொடுக்கின்றார். ஏவாள் வஞ்சனை அறியாதவள். பாம்பு அவளை ஏமாற்றிற்று. ஆதாமை ஏமாற்றியவர் யார்? கடவுளின் கட்டளையை நேரே கேட்டவன் அவன்; வலிமை மிக்கவனும் அவனே; அறிந்தே தின்றான். ஏவாள் கனியைப் பகிர்ந்ததும் அன்பினால். அவள் பிழை எவ்வளவாயினும், குற்றமற்றவரைக் கொலைக்கு ஒப்படைத்த ஆடவர் செயலின் முன் அது அணுவாகும். ஆகவே எங்கள் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள். நாங்கள் உங்களுக்குச் சமமாயிருப்பதை ஏன் வெறுக்கிறீர்கள்? இதுவே அவ்வாதத்தின் சாரம். அரசர் ஜேம்ஸின் ஆணையால் பெயர்க்கப்பட்ட ஆங்கில வேதாகமம் வெளிவந்ததும் இதே 1611ஆம் ஆண்டிலேதான் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

இத்தகைய நூலை ஆராய்ச்சியாளர் எங்ஙனம் வரவேற்றனர்? 1973ஆம் ஆண்டில் ஏ. எல். ரௌஸ் என்னும் சரித்திர ஆசிரியர், ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளில் வரும் கருநிற மங்கை இவரே என்று பறை சாற்றினார். சோதிடர் சைமன் பார்மனின் கையேட்டில் ஒரு சொல்லைக் ‘கருநிறத்தாள்’ என்று படித்தார். அது ‘பகட்டானவள்’ என்னும் பொருளுடைய வேறொரு சொல் என்று பிறர் காட்டினர். கணவன் பெயர் வில் என்றார்; அதுவும் தவறாயிற்று. எனினும் 1978இல் இவர் செய்யுட்களைப் பதிப்பித்தபோதும் ‘ஷேக்ஸ்பியரின் கருநிற மங்கை’ என்றே தலைப்பிட்டார்! நூல் எழுதிய ஒருத்தியை, பிறன் நூலில் வரும் நிழலாக்கி நிறுத்தியதன்றோ இது?

1993இல் சூசன் வுட்ஸ் அம்மையார் செம்பதிப்பு வெளியிட்டார். பார்பரா லெவால்ஸ்கி அம்மையாரும் அவ்வாண்டிலேயே, ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பெண் எழுத்தாளரைப் பற்றிய தம் நூலில் இவருக்கு உரிய இடம் அளித்தார். இவர்களால் நிழல் நீங்கிக் கவிஞர் வெளிப்பட்டார்.

ஆயினும் வாசகர் இன்னும் இரு தவறுகளில் விழக்கூடும். பெண்ணுரிமைப் பகுதியை மட்டும் கிள்ளியெடுத்து, பக்தியெல்லாம் அக்காலத்துக்கு அஞ்சி அணிந்த போர்வை என்று தள்ளுவது ஒன்று. பக்தியைப் போற்றி, ஏவாள் வாதத்தை இடைச்செருகல் போலத் தாண்டிச் செல்வது மற்றொன்று. இரண்டையும் நாம் மறுக்கின்றோம். பெண்ணை அடக்க எடுத்த நூலைக் கொண்டே அவ்வடக்குமுறையை உடைக்கின்றார் அம்மையார். கிறிஸ்து பெண்ணிடம் பிறந்தார், பெண்ணுக்குக் கீழ்ப்படிந்தார், உயிர்த்தெழுந்தபின் முதலில் பெண்ணுக்கே தோன்றினார் என்று தம் முகவுரையில் அடுக்குகின்றார். அவருடைய நம்பிக்கையை நீக்கிவிட்டால் வாதத்திற்கு ஆதாரமே இல்லை. அவரை நாத்திகராக்கி நம் அணியில் சேர்த்துக்கொள்வது, ரௌஸ் செய்த பிழையை வேறு வேடத்தில் செய்வதேயாகும்.

நூலின் குறையையும் மறைத்தல் தகாது. அரசி முதல் சீமாட்டிகள் வரை பலருக்கு உரிமையுரைகள் எழுதி ஆதரவு நாடினார் அம்மையார். அது பிழைப்புக்குரிய வழி. டார்செட் சீமாட்டிக்கு எழுதியதில், ஆதியில் எல்லோரும் ஒரே குலம், குணமே உயர்வு என்று துணிந்தும் கூறினார். அது கிடக்க, மன்னிக்க முடியாதது வேறு. கிறிஸ்துவின் மரணத்திற்காக யூதர்களை அவர் கடுஞ்சொற்களால் பழிக்கின்றார். ஒருத்தியின் பிழைக்குப் பெண்ணினத்தைத் தண்டிப்பது அநீதி என்று வழக்காடியவர், சிலர் செய்ததற்கு ஓர் இனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றார். தாம் கேட்ட நீதியைப் பிறருக்கு வழங்க மறந்தார்.

இதனால் ஏவாளின் வழக்கு தோற்றுவிடாது. அவ்வாதம் அதைச் சொன்னவரையும் கட்டுப்படுத்தும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். மூதாதையின் குற்றம் மகளைச் சாராது என்றால், அது எம்மதத்தார்க்கும் எவ்வினத்தார்க்கும் பொதுவாதல் வேண்டும். அம்மையாரைப் போற்றுவோர் இவ்வளவையும் சேர்த்தே படிப்பார்களாக.