உடன்பயில்வார் தரும் கால்பங்கு

மாயப் புனைகதைகளை விரும்பிப் பயிலும் இளைஞர் கூட்டம் ஒன்று இன்று நம் இல்லங்களில் வளர்ந்து வருவதைக் காண்கின்றோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் ஆங்கில நாவல்களைத் தொகுதி தொகுதியாகப் படிக்கின்றனர். படிப்பதோடு அமையாது தாமும் எழுதிப் பார்க்கின்றனர். ஒத்த வயதினரோடு அவர்கள் நடத்தும் கொடுக்கல் வாங்கல் இரு வகைப்படும். 'இந்த நூலைப் படி' என்று ஒருவர்க்கொருவர் பரிந்துரைப்பது ஒன்று. 'கதையை இவ்வாறு எழுது' என்று அறிவுரை கூறிக்கொள்வது மற்றொன்று. பெற்றோருள் சிலர் இவையெல்லாம் வீண் பொழுதுபோக்கு என்பர். சிலர், பிள்ளை எதையேனும் படித்தால் போதும் என்று மனநிறைவு கொள்வர். இவ்விரண்டனுள் எழுத்தாளனை ஆக்குவது எது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

13-ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் பாயிரத்தில், பவணந்தி முனிவர் புலமை நிரம்பும் வகையைக் கணக்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனத்திற் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். இக்கணக்கு இலக்கணம் பயில்வாரை நோக்கி எழுந்ததாயினும், கதை எழுதப் பயில்வார்க்கும் பொருந்துவதே என்பது நம் கருத்து. ஒரு நூலை நண்பனுக்குப் பரிந்துரைப்பவன், அது தன்னை ஏன் கவர்ந்தது என்று எடுத்துரைக்க வேண்டியவனாகின்றான். அங்ஙனம் உரைக்கும்போது பெறுபவனைக் காட்டிலும் கொடுப்பவனே மிகுதியாகக் கற்கின்றான். இதனை மெய்ப்பிக்கும் சான்று ஒன்று ஆங்கில இலக்கிய வரலாற்றிலேயே உள்ளது.

பெல்பாஸ்டில் இரு நண்பர்கள்

1914-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 15 வயதுச் சிறுவர் ஒருவர், நோயுற்றுப் படுத்திருந்த அண்டை வீட்டு இளைஞரைக் காணச் சென்றார். நோயாளியின் அருகே வடநாட்டவரான நார்ஸ் மக்களின் புராணக் கதைநூல் ஒன்று கிடந்தது. 'உனக்கும் இது பிடிக்குமா' என்ற வினாவிலேயே இருவர்க்கும் நட்புப் பூத்தது. சிறுவர், பிற்காலத்தில் நார்னியாக் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற சி. எஸ். லூயிஸ். மற்றவர், அவரினும் மூன்று வயது மூத்த ஆர்தர் கிரீவ்ஸ். அவ்வாண்டே லூயிஸ் படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டதால், நட்பு கடித வழியே வளர்ந்தது. லூயிஸ் எழுதியவற்றுள் ஏறத்தாழ 300 கடிதங்கள் 1979-இல் நூலாக வெளிவந்தன. அவற்றின் தொடக்கப் பகுதியைப் படிப்போர், நம் வீட்டுப் பிள்ளைகளின் பேச்சையே கேட்பது போல உணர்வர். எந்த நூலை வாங்கினேன், எந்தப் பதிப்பின் தாள் நன்றாக உள்ளது, எந்த அத்தியாயத்தை இரவு நெடுநேரம் படித்தேன், நீ ஏன் இன்னும் அதைத் தொடங்கவில்லை என்பனவே பக்கந்தோறும் பேச்சு.

1916 மார்ச்சில், லெதர்ஹெட் என்னும் ஊரின் ரயில் நிலையக் கடையில் வாங்கிய ஒரு நூலைப் பற்றி லூயிஸ் தம் நண்பருக்குப் பெருமகிழ்ச்சியோடு எழுதினார். அது ஜார்ஜ் மெக்டொனால்டு 1858-இல் வெளியிட்ட 'ஃபாண்டஸ்டிஸ்' என்னும் மாயக்கதை. அப்போது லூயிஸுக்கு 17 வயது. தம் கற்பனையை மாற்றியமைத்த நூல் அது என்று அவர் வாழ்நாள் முழுதும் கூறி வந்தார். 1946-இல் மெக்டொனால்டின் எழுத்துகளினின்றும் ஒரு திரட்டும் தொகுத்து வெளியிட்டார். நண்பர்க்குச் சொல்லத் துடித்த அத்துடிப்பே அவருடைய முதல் திறனாய்வு என்று கொள்ளலாம்.

ஆயின் இக்கடித நட்பின் சிறப்பு இதனோடு முடியவில்லை. லூயிஸ் தம் நண்பருக்கு மாய நூல்களைக் காட்டினார். கிரீவ்ஸோ அவருக்கு அவற்றின் வெளியே இருந்த உலகைக் காட்டினார். இளம் லூயிஸுக்குத் தேவர்களும் அசுரர்களும் போரிடும் வானளாவிய காட்சிகளே உவப்பாக இருந்தன. வீடும் தெருவும் அடுப்படியும் பேசும் நாவல்களை அவர் பொருட்படுத்தவில்லை. கிரீவ்ஸின் தூண்டுதலால்தான் வால்டர் ஸ்காட், பிரான்டி சகோதரியர், ஜேன் ஆஸ்டின் ஆகியோரை அவர் விரும்பிப் படித்தார். அன்றாட வீட்டு வாழ்வின் இனிமையைச் சுவைக்கக் கற்பித்தவர் கிரீவ்ஸே என்று, 1955-இல் வெளிவந்த தன்வரலாற்றில் லூயிஸ் நன்றியோடு குறிப்பிட்டுள்ளார்.

இப்பரிந்துரையின் பயன் யாது? அதே 1916-இல் லூயிஸ் 'பிளெஹெரிஸின் தேடல்' என்றொரு மாயக்கதையைத் தொடர்ந்தாற்போல் நண்பருக்கு அனுப்பி வந்தார். வில்லியம் மாரிஸைப் பின்பற்றிய பழமையான நடை, வீரன், நெடும்பயணம் எல்லாம் அதில் இருந்தன. கதை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. நார்னியாவின் முதல் நூலோ 1950-இல் வெளிவந்தது. அதற்கு வித்தாக அமைந்தது, 16 வயதளவில் தம் மனத்தில் தோன்றிய ஒரு காட்சி என்பார் லூயிஸ். பனி மூடிய காட்டில் ஆட்டுக்காலும் மனித உடலும் கொண்ட பழங்கதைப் பிறவி ஒன்று, கையில் குடையும் கடைப்பொட்டலங்களும் ஏந்தி நடந்து செல்லும் காட்சி அது. குடையையும் பொட்டலத்தையும் நோக்குமின்! ஆட்டுக்கால் மனிதன் புராணம் தந்த கொடை. குடையும் பொட்டலமும் வீட்டு வாழ்வு தந்த கொடை. இரண்டும் ஒன்று சேர்ந்த இடத்தில்தான் நார்னியா பிறந்தது என்று நாம் கருதுகின்றோம். அக்கதையில் அவ்வுயிர் தன் குகைக்கு வந்த சிறுமிக்கு அவித்த முட்டையும் தேன் தடவிய ரொட்டியும் கேக்கும் தேநீருமாக விருந்து வைக்கின்றது. அவ்விருந்தால்தான் வாசகர் அவ்வுலகை நம்புகின்றனர். அதன்பின் சூனியக்காரி வரும்போது உண்மையாகவே அஞ்சுகின்றனர்.

விதிகளின் எல்லை

இனி, அறிவுரையைக் காண்போம். இன்று இளைஞரிடையே வழங்கும் அறிவுரைகளுள் பெரும்பாலானவை மூன்று பொருள் பற்றியவை: நாட்டின் வரைபடம், மந்திரத்தின் விதிகள், கதையின் கட்டமைப்பு. மந்திர விதி பற்றிய கருத்துக்கு மூலவராகப் பலரும் சுட்டுவது பிராண்டன் சாண்டர்சன் என்னும் அமெரிக்க நாவலாசிரியரை. வாசகனுக்கு மந்திரம் எந்த அளவுக்கு விளங்கியிருக்கின்றதோ, அந்த அளவுக்கே அதைக் கொண்டு கதைமாந்தரின் சிக்கலைத் தீர்க்கலாம் என்பது 2007-இல் அவர் கூறிய முதல் விதியின் கருத்து. இது நல்ல விதியே. இடர் முற்றிய வேளையில் இதுவரை சொல்லப்படாத மந்திரம் ஒன்று திடீரெனத் தோன்றிக் காப்பாற்றுமாயின், வாசகன் ஏமாற்றமடைவான் அன்றோ?

எனினும் இவ்விதி சிக்கலைத் தீர்க்கும் மந்திரத்துக்கே உரியது. வியப்பை விளைவிக்கும் மந்திரம் விளக்கப்படாமலே நிற்கலாம் என்பதைச் சாண்டர்சனே ஒப்புக்கொள்கின்றார். கை மாறிக் கை மாறி வரும்போது இந்த வரையறை உதிர்ந்து போய், எல்லா மந்திரத்துக்கும் அட்டவணை வேண்டும் என்ற கட்டளையே எஞ்சுகின்றது. அக்கட்டளையைக் கொண்டு அளந்தால் 'ஃபாண்டஸ்டிஸ்' தேறாது. அதன் காட்டில் எது ஏன் நிகழ்கின்றது என்று யாரும் விளக்குவதில்லை. ஆயினும் அதுவே 17 வயது இளைஞர் ஒருவரை வாழ்நாள் முழுதும் ஆட்கொண்டது.

வரைபடமும் விதியும் சொல்லிக் கொடுக்க எளியவை. அதனால்தான் அவை மிகுதியாகச் சொல்லப்படுகின்றன. சொல்லிக் கொடுக்க அரியது நடை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதற்கு ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டினார். அந்நாளைய மாயக்கதை ஒன்றினின்று ஓர் உரையாடலை எடுத்து, பெயர்கள் முதலான சில சொற்களை மட்டும் மாற்றினார். மாயநாட்டுப் பிரபுக்களின் பேச்சு உடனே வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாகிவிட்டது! மாற்றம் யாருக்கும் உறுத்தாது எனின், அக்கதை தொடக்கம் முதலே மாயநாட்டில் இருக்கவில்லை என்பது அவர் துணிபு. அதற்காகப் பழஞ்சொற்களைப் பொருளறியாது அடுக்குவதையும் அவர் ஏற்கவில்லை. டோல்கீனும் 1939-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பேருரையில் இதன் அடிப்படையையே விளக்கினார். பச்சைச் சூரியன் என்று சொல்வது எவர்க்கும் எளிது. அச்சூரியன் நம்பத்தக்கதாகும் ஓர் உலகைப் படைப்பதற்கே உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்பது அவர் கருத்து.

மாயக்கதைகளை மட்டுமே படித்து மாயக்கதை எழுதுவோர்க்கு நேரும் குறையை, டயானா வின் ஜோன்ஸ் 1996-இல் ஒரு நகைச்சுவை நூலாகவே எழுதினார். ஆக்ஸ்போர்டில் லூயிஸ், டோல்கீன் இருவர்தம் விரிவுரைகளையும் கேட்டவர் அவர். மாயநாட்டுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிக்கான கையேடு போல் அமைந்த அந்நூலில், அந்நாட்டில் எங்குச் சென்றாலும் ஒரே குழம்புக்கறிதான் கிடைக்கும் என்று எள்ளுகின்றார். வழிப்பயணத்தில் அவ்வளவு நேரம் அடுப்பில் வைத்துச் சமைக்க யாரால் இயலும் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குதிரைகளோ, களைப்பே அறியாமல் சைக்கிள் போல ஓடும். சிரித்து முடித்தபின் உண்மை உறைக்கின்றது. ஒருவர் நூலிலிருந்து மற்றொருவர் அடுப்பை மூட்டிக்கொள்கின்றனர். தம் வீட்டு அடுப்பை யாரும் பார்ப்பதில்லை.

நல்ல அறிவுரையின் இலக்கணம்

இவ்வாறு கூறுவதால் நண்பர்தம் அறிவுரையே வேண்டா என்பது பொருளன்று. அதற்கும் ஒரு முறை உண்டு. 1929-இன் இறுதியில் டோல்கீன் தாம் எழுதி வந்த நெடுங்கவிதை ஒன்றை லூயிஸிடம் படிக்கக் கொடுத்தார். லூயிஸ் தம் கருத்துகளை ஒரு விளையாட்டு வடிவில் எழுதித் தந்தார். அக்கவிதையைப் பண்டை ஏட்டுச்சுவடியாகவும், அதைப் பற்றி வாதிடும் பேராசிரியர் சிலரைக் கற்பனையாகவும் கொண்டு, தமக்குப் பிடிக்காத அடிகளை ஏடெழுதினோரால் நேர்ந்த பிழை என்று ஒதுக்கி, வேறு பாடங்களைப் பரிந்துரைத்தார். பாடபேதங்களோடும் உரைகளோடும் பழகிய தமிழர்க்கு இந்நகையின் நயம் எளிதில் விளங்கும். டோல்கீன் எல்லாவற்றையும் ஏற்கவில்லை எனினும், சுட்டிக்காட்டப்பட்ட அடிகள் பலவற்றைத் திருத்தினார். கவிதை எவ்வாறு இருக்க வேண்டும் என்று லூயிஸ் பொதுவிதி கூறவில்லை. இந்த அடி, இந்தச் சொல் என்று கையிலுள்ளதையே பேசினார். முதலில் அன்போடு படித்தார். அறிவுரைக்கு அதுவே இலக்கணம்.

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே. பரிந்துரைப் பட்டியல் வளரட்டும். ஆனால் அதில் மாயக்கதையல்லாத நூல்கள் பாதியேனும் இடம்பெறட்டும். ஒரு நூலின் பெயரோடு நில்லாமல், அது ஏன் பிடித்தது என்று பத்து வரியேனும் எழுதித் தரட்டும். நன்னூலார் கூறிய அரைப்பங்கு அவ்விடத்தில்தான் இருக்கின்றது.

இன்னும் ஒன்று உண்டு. பனியையே காணாத சென்னையிலோ மும்பையிலோ வளர்ந்த பிள்ளை எழுதும் கதையிலும் பனிக்காடும் ஐரோப்பிய விடுதியும் அதே குழம்புக்கறியும் வருகின்றன. இது அவர்கள் குற்றமன்று. கிரீவ்ஸின் இடத்தில் இருந்து நூல் காட்ட வேண்டியவர் நாமல்லவா? புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையில், சென்னைக்கு வந்த கடவுள் ஹோட்டலில் காப்பி குடிக்கின்றார்; கந்தசாமிப் பிள்ளையின் வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்று அவர் குழந்தையோடு விளையாடுகின்றார். நார்னியாவின் குடையும் பொட்டலமும் செய்யும் வேலையை அங்கே ஒரு தம்ளர் காப்பி செய்கின்றது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நாமே உரக்கப் படித்துக் காட்டலாம். படித்து முடித்தபின் அவன் தன் நண்பனுக்கு அதை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பானாயினும் குறையில்லை. மந்திரவாதி எந்நாட்டவனாகவும் இருக்கட்டும். அவன் பசித்து வரும்போது உண்ணும் சோறு, எழுதுபவன் தானே உண்டறிந்த சோறாக இருத்தல் வேண்டும்.