நாற்காலியின் முன்விளிம்பு

சான் பிரான்சிஸ்கோவில் இதய மருத்துவர்கள் இருவரின் க்ளினிக். காத்திருப்பு அறை நாற்காலிகளுக்குக் குஷன் மாற்ற வந்தவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார்: துணி முன்விளிம்பில் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. சாய்ந்து உட்கார இங்கே வருபவர்களுக்குப் பொறுமை இல்லை போல. மருத்துவர்கள் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பிற்பாடுதான் உறைத்தது. மெயர் ஃப்ரீட்மனும் ரே ரோசன்மனும் 1974இல் வெளியிட்ட 'டைப் ஏ பிஹேவியர் அண்ட் யுவர் ஹார்ட்' நூலில் வரும் கதை இது. அந்தப் புத்தகத்தைத் தொடாதவர்கள்கூட இந்தக் கதையை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். அவ்வளவு நல்ல கதை. பிரச்சினையும் அதுதான்.

இந்த நூலைப் பாத்திரப் படைப்பாக வாசித்துப் பார்க்கலாம். டைப் ஏ ஆசாமி அச்சு அசலாக வந்து நிற்கிறான். அடுத்தவர் வாக்கியத்தைத் தானே முடித்துவைப்பான், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வான், வரிசையில் நின்றால் பல்லைக் கடிப்பான். நம்ம ஊர் அவசரக்குடுக்கையும் முன்கோபியும் சேர்ந்த கலவை. டைப் பி யார் என்று கேட்டால், இதெல்லாம் இல்லாதவன். அவனைப் பெரும்பாலும் 'இல்லை'களால்தான் வரைகிறார்கள். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதினால் சும்மா விடுவோமா?

ஆனால் அவர்களுடைய நேர்காணல் முறை அபாரம். என்ன பதில் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்பதுதான் கணக்கு. கேள்வி கேட்பவர் வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கேட்பார். நடுவில் புகுந்து பதில் சொன்னால் மாட்டினீர்கள். ஃப்ரீட்மன் தன் நோயாளிகளை ப்ரூஸ்ட் படிக்கச் சொன்னவர் வேறு. ஒரு சின்னச் சம்பவத்துக்கே பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்ளும் எழுத்து, அவசரத்துக்கு மருந்தாம். இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்கும் மாமாக்களிடம் சொல்லி வைக்கலாம்.

1960களில் அவர்கள் கலிஃபோர்னிய நிறுவன ஊழியர்கள் 3,154 பேரை எட்டரை ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அத்தனை பேரும் நடுத்தர வயது ஆண்கள். டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. சிகரெட், ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும். 1988இல் ராக்லண்ட், பிராண்ட் என்ற இருவர், அதே ஆய்வில் இதய நோய் வந்த ஆண்களின் பிற்காலத்தைப் பார்த்தபோது கதை தலைகீழானது. நோய் வந்தபின் டைப் ஏ ஆட்கள்தான் குறைவாக இறந்திருந்தார்கள். வேறு பல ஆய்வுகளிலும் அந்த இரண்டு மடங்கு திரும்பக் கிடைக்கவில்லை. அவசரம் கழன்றுபோய், பகைமை என்ற ஒரு கூறு மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தது.

இந்தக் கதை யாருக்குத் தேவைப்பட்டது? 2012இல் பெட்டிக்ரூவும் சக ஆய்வாளர்களும் சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்களைத் தோண்டி எழுதிய கட்டுரை வந்தது. ஃப்ரீட்மனின் ஆய்வுக்கு ஃபிலிப் மோரிஸ் நிதி கொடுத்திருக்கிறது. நெஞ்சை அடைப்பது சிகரெட் இல்லை, உன் சுபாவம்தான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே!

சூசன் சொன்டாக் 1978இல் 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்' எழுதியபோது, காசநோயையும் புற்றுநோயையும் நோயாளியின் குணத்தோடு முடிச்சுப் போடுவதைக் கிழித்துத் தொங்கவிட்டார். மாரடைப்பை மட்டும் விட்டுவிட்டார். அது வெறும் இயந்திரக் கோளாறு, அதில் அவமானம் இல்லை என்பது அவர் எண்ணம். சொன்டாக்கின் கூர்மை இங்கே தவறியது என்றே நினைக்கிறேன். நான்கு வருடம் முன்பே மாரடைப்புக்கு ஒரு குணச்சித்திரம் எழுதப்பட்டு, கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது.

நமக்கு இது புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அரியணையிலேயே விழுந்து சாகிறான். கோப்பெருந்தேவியும் உடன் போகிறாள். இளங்கோவிடம் அந்தச் சாவு ஒரு தீர்ப்பு. காவியத்தில் அது பொருந்தும். சாவு வீட்டில் யாராவது "எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டு அமுக்கி வெச்சிருந்தாரு, அதான்" என்று சொல்லும்போதும் நாம் தீர்ப்புதான் எழுதுகிறோம். அதற்கும் ஓர் எழுத்து கிடைத்தது, டைப் டி. பெல்ஜியத்தின் டெனோலெட் 1990களில் முன்வைத்தது: வருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவர், அதை வெளியே காட்டாதவர். ஆரம்ப முடிவுகள் பயமுறுத்தின. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வேகம் இல்லை.

குணத்தை விட்டு மனச்சோர்வுக்கு வந்தால் தரை கொஞ்சம் உறுதியாகிறது. 1993இல் மான்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் டிப்ரஷன் இருந்தவர்களுக்குப் பல மடங்கு. பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே பக்கம்தான். காரணங்கள் கதையாகாத அளவுக்குச் சாதாரணமானவை: மாத்திரை போடத் தோன்றாது, தூக்கம் கெடும், நடக்கப் போக மனசு வராது, விட்ட சிகரெட் திரும்பி வரும். ரத்தத் தட்டணுக்களிலும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்திலும்கூட மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள். இந்த ஆள் முன்விளிம்பில் உட்காருவதில்லை. நாற்காலிக்குள் புதைந்து கிடப்பார், அல்லது க்ளினிக்குக்கே வந்திருக்க மாட்டார். குஷன்காரர் கண்ணில் அவர் எப்படிப் படுவார்?

அப்படியானால் டிப்ரஷனைச் சரிசெய்தால் இதயம் பிழைத்துவிடுமா? 2003இல் முடிவு வெளியான என்ரிச்ட் ஆய்வில் 2,481 நோயாளிகள். பேச்சு சிகிச்சை பெற்றவர்களின் மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். இதயத்துக்கு உதவாவிட்டால் ஒருவரின் துயரம் குறைந்தது கணக்கிலேயே வராதா என்ன?

2008இல் அமெரிக்க இதயச் சங்கம், இதய நோயாளிகளிடம் முதலில் இரண்டே கேள்விகள் கேட்கச் சொன்னது. இரண்டும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை: எதிலாவது ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதா, மனசு சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா. நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்ற கேள்வி அதில் இல்லை.