இராணுவவாதமும் போரும்: வன்னி காட்டும் சான்று

அரசுக்கு வேண்டிய உறுப்புகள் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என ஆறாகும் என்பது திருவள்ளுவர் கொள்கை. அவற்றுள் அமைச்சைப் பற்றிப் பத்து அதிகாரங்கள் அமைந்திருக்கப் படைக்கு அமைந்தவை படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டே. படை இன்றியமையாதது, ஆயினும் அஃது ஓர் உறுப்பேயன்றி உடலன்று என்பது இவ்வமைப்பாற் பெறப்படும். உறுப்பு தன் அளவு கடந்து வளர்ந்து உடலையே தன் வழிப்படுத்தும் நிலையை இராணுவவாதம் எனலாம். அல்பிரெட் வாக்ட்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1937 இல் வெளியிட்ட இராணுவவாத வரலாறு பற்றிய நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார். குறித்த ஒரு நோக்கத்தைக் குறைந்த உயிர்ச்சேதத்தோடும் பொருட்செலவோடும் முடிப்பது படைத்தொழில். அந்நோக்கத்தையும் கடந்து மக்களின் வழக்கிலும் மதிப்பிலும் சிந்தனையிலும் பரவுவது இராணுவவாதம்.

தற்காலப் போர்களுக்கு இராணுவவாதமே காரணம் என்பார் முதலிற் காட்டுவது 1914 ஆம் ஆண்டை. அவ்வாண்டு ஓகத்து 1 ஆம் நாள், யேர்மனியப் பேரரசன் இரண்டாம் வில்லியம் பிரான்சை விடுத்து இரசியாவை மட்டும் எதிர்க்கலாமோ என எண்ணினான். படைத் தலைமையதிகாரி மொல்ற்கே அதற்கு இசைந்திலர். புகைவண்டி அட்டவணைகளோடு பிணைத்து ஆண்டுக்கணக்கில் வகுத்த திட்டத்தை ஒரே நாளில் மாற்றவியலாது என்பதே அவர் விடை. யப்பானில் 1936 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பணியிலுள்ள படைத்தலைவரே படை அமைச்சராகலாம். படை அவரைத் தர மறுப்பின் அமைச்சரவை நிலைபெறாது. அதற்கு முன்னரே, 1931 இல், மஞ்சூரியாவிலிருந்த யப்பானியப் படை தன் அரசின் ஒப்புதலைப் பெறாமலே போர் தொடங்கிவிட்டது. இவ்விரு நாடுகளிலும் கருவியானது கையை நடத்திற்று.

இலங்கைக்கு இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயற்பாலது. இங்கே போருக்கு மூலகாரணம் அரசியலே என்று மறுப்போர் உளர். அவர் கூற்றைப் புறக்கணித்தல் இயலாது. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும், 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், 1983 யூலையில் நிகழ்ந்த படுகொலைகளும் படையினர் வகுத்த திட்டங்கள் என்றல் பொருந்தாது. அவை அரசியலில் விளைந்த கேடுகள். ஆதலின் பிணக்கின் வித்து இராணுவவாதம் எனல் மிகைக்கூற்றாகும். ஆயினும் பிணக்கு வேறு, போர் வேறு. பிணக்கு எவ்வாறு போராயிற்று, போர் ஏன் மீண்டும் பேச்சாக மாறவில்லை என்னும் இரு வினாக்களுக்கு அரசியற் காரணம் மட்டும் விடையாகாது.

1949 ஒற்றோபர் 10 ஆம் நாள் தோன்றிய இலங்கைத் தரைப்படை சிறியது.  1961 இல் தமிழர் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் செய்தபோது, அரசு ஏப்பிரலில் அவசரகால நிலையை அறிவித்துப் படையை அனுப்பித் தலைவர்களைத் தடுத்து வைத்தது. ஆயுதமற்ற குடிகளின் அரசியற் கேள்விக்குப் படையைக் கொண்டு விடையிறுத்த அச்செயல் பின்வந்தவற்றிற்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு முடிவுக்குள் வடக்கில் வன்முறையை ஒழிக்குமாறு ஒரு படையதிகாரிக்கு ஆணையும் பிறந்தது. அரசியல்வாதி தீர்க்கவேண்டியதைப் படைவீரன் தீர்ப்பான் என்னும் நம்பிக்கை அரசிடம் இவ்வாறு வேரூன்றிற்று.

அந்நம்பிக்கை எதிர்த்தரப்பையும் பற்றிக்கொண்டமை மறைக்கத்தக்கதன்று. ஆயுதமே வழியெனக் கொண்ட இயக்கங்கள் விரைவில் தமக்குள்ளும் அதனையே நீதியாக்கின. 1986 இல் விடுதலைப் புலிகள் ரெலோ இயக்கத்தை அழித்தனர். 1989 யூலையில் அமிர்தலிங்கம் கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பேசி முடிப்போர் பேசாது முடிக்கப்பட்டனர்.

இவ்விரு நம்பிக்கைகளும் நேர்நின்று பொருதிய களம் வன்னி. 1996 யூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் வீழ்ந்தது. அதே ஆண்டில் கிளிநொச்சியை அரசபடை கைப்பற்றிற்று. 1997 மே 13 இல் வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையைத் திறக்க ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை தொடங்கியது. 1998 செத்தெம்பரில் கிளிநொச்சி மீண்டும் புலிகள் வசமாயிற்று. அவ்வாண்டு திசெம்பரில் அந்நடவடிக்கை கைவிடப்பட்டது. படைவலியால் திறவாத அந்நெடுஞ்சாலை 2002 இல் ஓர் உடன்படிக்கையால் திறந்தது. இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டா.

எனினும் அவ்வமைதி நிலைத்திலது. இரு தரப்பும் அதனை அடுத்த போருக்கு ஆயத்தம் செய்யும் இடைவேளையாகக் கொண்டன. நெல்லுக்கு நீர் வழங்கும் இரணைமடுக் குளத்தின் அயலே புலிகளின் விமான ஓடுபாதை அமைந்தது. சிறுவரைப் படையிற் சேர்த்தமை குறித்து யுனிசெவ் நிறுவனம் ஆயிரக்கணக்கான முறைப்பாடுகளைப் பதிவு செய்தது. பின்னர் வீட்டுக்கு ஒருவர் என்னும் கட்டாயமும் வந்தது. அரசும் படையைப் பெருக்கிற்று. 2006 இல் மூண்ட போர் 2009 மே 18 இல் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, இறுதிக் கட்டத்தில் மாண்ட குடிமக்கள் நாற்பதினாயிரம் வரை இருக்கலாம் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இற் கூறிற்று.

படை போரின் பொருட்டே பெருகியதாயின், போர் முடிந்ததும் அது சுருங்கியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழ்ந்திலது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்திற்று. வேறு தொழிலற்ற மக்கள் அதன் சம்பளத்தை நம்பி வாழ்ந்தனர். இரணைமடுவின் ஓடுபாதை அரச விமானப்படைக்கு உரியதாயிற்று. கேப்பாபுலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை வசமிருந்த தம் காணியை மீட்க 2017 சனவரி முடிவிலிருந்து ஒரு மாதம் தெருவோரத்தில் இருக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ இரண்டு இலட்சமான தரைப்படையின் தொகையை 2030 அளவில் ஒரு இலட்சமாகக் குறைப்பதென அரசு அறிவித்தது 2023 சனவரியிலே. அவ்வறிவிப்புக்குச் சமாதானம் பிறந்து பதின்மூன்றாண்டு கடந்திருந்தது. திறைசேரி வறிதாகி ஓராண்டும் ஆகவில்லை. பகைவன் இல்லாமை சுருக்காத படையைப் பணம் இல்லாமையே சுருக்கத் தொடங்கிற்று. போரின் விளைவாகத் தோன்றியது போரின்றியும் வாழவல்லது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வாதம் கல்லிலும் எழுதப்பட்டுள்ளது. கிளிநொச்சியில் எறிகணை துளைத்த கற்பாளமும் அதன் மேல் மலர்ந்த தாமரையும் வெற்றிச் சின்னமாக நிற்கின்றன. புதுக்குடியிருப்பில் நீரின் நடுவே துப்பாக்கி ஏந்திய வீரன் நிற்கின்றான். மறுதரப்பு எழுப்பிய துயிலும் இல்லங்களோ இடித்தழிக்கப்பட்டன. பெற்ற பிள்ளையின் கல்லறையில் அழும் உரிமையை ஒரு தாய்க்கு மறுத்தல் கொடுமை. ஆயினும் இருவகைக் கல்லும் போற்றுவது படைவீரனையே. பதுங்குகுழியில் மாண்ட உழவனுக்கும் அவன் குழந்தைக்கும் அவற்றில் இடமில்லை. அவர்களை மக்கள் தாமே ஆண்டுதோறும் கஞ்சி காய்ச்சி நினைக்கின்றனர்.

ஆக, இராணுவவாதம் பிணக்கைத் தோற்றுவிப்பதினும் பிணக்கு தீரும் வாயில்களை ஒவ்வொன்றாக அடைப்பதில் வல்லது என்பது வன்னியின் வரலாற்றாற் பெறப்படும். இதனை ஆராய்வோர் ஒரு தவற்றை ஒழித்தல் வேண்டும். பிறர் படையின் மீறலைப் பழித்துத் தம்மவர் படையின் மீறலைப் புகழ்வோர் இராணுவவாதத்தைக் கண்டித்தவர் ஆகார். எதிரியைக் கண்டித்தவரே ஆவர். பாடசாலைகளில் வரலாறு பயிலும் இளைஞர்க்கு வெற்றியும் தோல்வியும் மட்டும் கற்பிக்கப்படின், அடுத்த தலைமுறையும் அவ்விரண்டனுள் ஒன்றையே நாடும். போர் தவிர்த்திருக்கக்கூடிய நாட்கள் எவை, அந்நாட்களில் யார் எதனை மறுத்தனர் என்பதையும் அவர்கள் கற்றல் வேண்டும். குடியும் கூழும் அமைச்சும் தத்தம் இடத்தை மீளப் பெறும்போதே படையும் தன் இடத்தில் அமையும்.