ஒலித்தட்டில் இளைய குமாரன்

கெட்ட குமாரன் உவமை நம் பிரசங்க பீடங்களில் எத்தனையோ முறை விளக்கப்பட்டிருப்பினும், அது இந்திய மொழிகளுக்கு அளவுகோலாகப் பயன்பட்ட வரலாற்றை நம்மில் பலர் அறியோம். ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியளவாய்வு, ஒவ்வொரு மொழிக்கும் மாதிரியாக இவ்வுவமையையே பெயர்க்கச் செய்தது. மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், முக்காலங்களும் இதில் அமைந்திருப்பதே அவர் கூறிய காரணம். இந்தியர் மனத்தில் உறுத்தாதபடி சில சொற்களை மாற்றியதாகவும் எழுதியுள்ளார். மனந்திரும்புதலும் மன்னிப்பும் அக்காரணங்களுள் இல்லை. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. இலக்கணிக்கு வேண்டியது இலக்கணம்.

1903 முதல் 1928 வரை வெளிவந்த அவ்வாய்வின் களப்பணி மதராஸ் மாகாணத்தை எட்டவில்லை. அக்குறையை ஓரளவு நிரப்பியவை 1913 தொடங்கி 1929 வரை எடுக்கப்பட்ட கிராமபோன் ஒலித்தட்டுகள். இவற்றில் நம் மாகாண மொழிகளும் சேர்க்கப்பட்டன. அவற்றின் பாடங்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் நூலாக்கியது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்நூலகம் இத்தொகுப்பை எவரும் கேட்கும்படி வெளியிட்டது.

கேட்பவருக்கு முதலில் வியப்பும் பின்னர் ஒருவித ஏமாற்றமும் உண்டாகின்றன. சில நிமிடங்களே கொள்ளும் தட்டுக்குள் கதையை முடித்தாக வேண்டும். பேசுபவரோ தாம் சொல்ல விரும்பியதைச் சொல்லவில்லை, கொடுத்த பாடத்தை ஒப்புவிக்கிறார். தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளுமிடத்திலும் குரல் நின்று இளகுவதற்கு இடமில்லை. உவமையில் மூத்த குமாரன் வெளியே நின்று உள்ளிருந்து வரும் ஒலியைக் கேட்டு, அது என்னவென்று விசாரிக்கிறான், வீட்டினுள் நுழைவதில்லை. இவ்வாய்வும் அவ்வாறே வாசலில் நின்றுவிட்டது என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறானதொரு பதிவு பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தில் உள்ளது. முதல் உலகப் போரில் வியூன்ஸ்டார்ப் முகாமில் சிறையிருந்த மால் சிங் என்னும் பஞ்சாபிச் சிப்பாய் 1916 டிசம்பரில் பேசியது அது. இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் ஐரோப்பியப் போருக்கு வந்து பிடிபட்டதையும், ஊர் திரும்ப ஏங்குவதையும் பிறர் கதைபோல் கூறுகிறார். உவமையின் பாடம் எதுவும் அவர் கையில் இல்லை. தூர தேசமும் வீட்டு நினைவும் அவர் வாயிலே இருந்தன.

இவற்றைத் திருத்தணியை மனத்திற்கொண்டே எழுதுகிறேன். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1953இல் ஆந்திரத்தோடு சென்று, 1960 ஏப்ரல் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்த ஊர் அது. மலையடிவாரக் கடைத்தெருவில் ஒரே வாய் தமிழிலும் தெலுங்கிலும் விலைபேசும். ஒலித்தட்டின் உறையில் ஒரு மொழியின் பெயரே எழுத இயலும். இவ்வூர்ப் பேச்சுக்கு எப்பெயர் இடுவது? இப்பகுதிச் சபைகளில் இரு மொழியிலும் பாட்டறிந்த மூத்தோரின் குரலை, வெளியார் வந்து பதியட்டும் என்று காத்திருப்பது தகாது.

காத்திருத்தலின் பலனை நான் கண்டதுண்டு. ஒரு சபையில், மறைந்த உபதேசியார் ஒருவரின் கதாகாலட்சேப ஒலிநாடாக்களின்மேல் பண்டிகைப் பாட்டுப் பயிற்சியைப் பதிந்துவிட்டனர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நாடா வாங்கப் பணமில்லை.

மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தார், ஓடியன் நிறுவனத் தட்டுகளைத் தனியார் வீடுகளிலிருந்து திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்முறையில் படியெடுத்தனர். அறிஞரல்லாத அன்பர்களும் கூடிச் செய்த பணி அது. ஆயினும் 2023 அக்டோபரில் அந்நூலகம் இணையத் தாக்குதலுக்குள்ளானபோது அதன் ஒலித்தொகுப்புகள் நெடுநாள் கேட்கக் கிடைக்கவில்லை. எனவே படி ஓரிடத்தில் மட்டும் இருத்தல் கூடாது. சபையிலும் இறையியல் கல்லூரியிலும் குடும்பத்தாரிடமும் இருக்கட்டும்.

கிராமப் பணிக்குச் செல்லும் மாணவர் நாடாவைப் பெற்று வந்தால் மட்டும் போதாது. பேசியவர் யார், எவ்வூரார், யார் முன்னிலையில் பேசினார் என்பவற்றைச் சபையார் கூடியிருந்து கேட்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். கீர்த்தனையின் மெட்டு எங்கே வேறுபடுகிறது என்பதைப் பேராசிரியரைவிட முன்வரிசைப் பாட்டியே விரைவில் சொல்லுவார். நாடாக்களுள் சில நோயாளியின் படுக்கையருகே எடுத்த ஜெபங்களாயிருக்கும். பாவ அறிக்கையும் அவற்றில் இருக்கலாம். அவற்றைக் குடும்பத்தாரின் இசைவின்றி வகுப்பறைக்குக் கொண்டுவரலாகாது.