லிங்கனின் மனைவிக்கு விக்டோரியா எழுதியது

ஆபிரகாம் லிங்கன் 1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார். ஏப்ரல் 29 அன்று ஆஸ்போர்ன் மாளிகையிலிருந்து விக்டோரியா மகாராணி தன் கைப்பட மேரி லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசாங்கத்தின் இரங்கல் செய்தி வேறு. இது ஒரு விதவை இன்னொரு விதவைக்கு எழுதியது. துக்கம் விசாரிக்கும் கடிதத்துக்கு இதை முன்மாதிரியாகக் கொள்ளலாமா?

மிகச் சிறிய கடிதம். உங்களுக்கு அந்நியமானவள்தான், ஆனாலும் பேசாமலிருக்க முடியவில்லை என்று தொடங்குகிறது. முடிவில் உண்மையுள்ள தோழி என்று கையெழுத்திடுகிறார். நாலைந்து வரிகளில் அந்நியத்திலிருந்து தோழமைக்கு அவரைக் கொண்டுவருவது ஒரே ஒரு செய்தி: 1861 டிசம்பர் 14 அன்று தன் கணவர் ஆல்பர்ட் இறந்தது. என் வாழ்வின் ஒளி, என் ஊன்றுகோல், எனக்கு எல்லாமும் அவரே என்கிறார்; உள்ளம் நொறுங்கிக் கிடக்கும் என்னைவிட உங்கள் வேதனை யாருக்குப் புரியும் என்று கேட்கிறார்.

முதல் குற்றச்சாட்டு இங்கேயே எழுகிறது. கடிதத்தில் லிங்கன் இல்லை. பெயரும் இல்லை, குணமும் இல்லை. புகழப்படுகிற கணவர் எழுதியவருடைய கணவர். ஆனால் இதைத் தன்னலம் என்று தள்ளிவிட முடியாது. நம் இழவு வீடுகளில் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்கள் அவரவர் பறிகொடுத்தவரைச் சொல்லித்தான் அழுகிறார்கள். வீட்டுக்காரி அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மேலும், பார்த்தே இராத லிங்கனைப் பற்றி விக்டோரியா எழுதியிருந்தால் அது வெறும் சம்பிரதாயமாகியிருக்கும். தெரிந்ததை மட்டும் எழுதினார்.

சொல்லாமல் விட்டதற்கும் மதிப்பெண் தர வேண்டும். 1861 இறுதியில், ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல் வழிமறித்து உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தென் மாநிலங்களின் இரண்டு தூதர்களைப் பிடித்துச் சென்றபோது இரு நாடுகளும் போரின் விளிம்பில் நின்றன. வாஷிங்டனுக்குப் போகவிருந்த காரமான கடிதத்தைத் தணித்து எழுதச் செய்தவர், சாவை நெருங்கிக்கொண்டிருந்த ஆல்பர்ட். உங்கள் கணவருக்கு என் கணவர் செய்த உதவி என்று சொல்லிக்காட்ட நல்ல வாய்ப்பு. விக்டோரியா அதைத் தொடவே இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. அதற்கு விடை எளிதில் கிடைக்கவில்லை. மூன்றாண்டுக்கு மேல் ஆகியும் நொறுங்கியே கிடக்கிறேன் என்று, கணவன் செத்து இரண்டு வாரமான ஒருத்தியிடம் சொல்வது ஆறுதலா? இறைவன் துணையிருக்கட்டும் என்பதற்கு அப்பால் கடிதத்தில் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை. இதன் பக்கத்தில் லிங்கனே 1862 டிசம்பரில், போரில் மாண்ட தன் நண்பர் வில்லியம் மெக்கல்லவின் மகள் ஃபேனிக்கு எழுதியதை வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் அவர் தன் மகன் வில்லியைப் பறிகொடுத்திருந்தார். ஆனாலும் சொந்தத் துக்கத்தைப் பெயர் சொல்லி விவரிக்கவில்லை. அனுபவப்பட்டே சொல்கிறேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். தந்தையின் அன்பையும் வீரத்தையும் குறிப்பிடுகிறார். இப்போது நம்ப முடியாது, ஆனால் மீண்டும் மகிழ்ச்சி வரும், இந்த வேதனையே இனிய நினைவாக மாறும் என்று உறுதி சொல்கிறார். பட்ட அனுபவத்தை விக்டோரியா உறவு கோரப் பயன்படுத்தினார். லிங்கன் அதைத் தன் வாக்குறுதிக்குச் சாட்சியாக நிறுத்தினார்.

மேரி மே 21 அன்று பதில் எழுதினார். கணவரின் இறுதிச் சடங்குக்குக்கூட எழுந்து வர முடியாமல் வெள்ளை மாளிகையிலேயே முடங்கியிருந்த நாட்கள் அவை. சொந்தத் துயரத்தால் என் துயரை உணரக்கூடிய நெஞ்சிலிருந்து வந்த பரிவு என்று நன்றி சொன்னார். விமர்சகன் குறையாகக் காண்கிற இடத்தையே பெற்றவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார். இந்தச் சாட்சியத்தை ஒதுக்க முடியாது. ஆனால் அது தீர்ப்பில் பாதிதான். தனியாக இல்லை என்று மேரிக்குக் காட்டிய அளவில் விக்டோரியாவின் கடிதம் முழு வெற்றி. துக்கத்திலிருந்து வெளியேற ஒரு வழியைக் காட்டுவதில் அது தோற்கிறது. முன்மாதிரி தேடுகிறவர்கள் எடுத்துப் படிக்க வேண்டியது ஃபேனிக்கு லிங்கன் எழுதிய கடிதத்தை.