தள்ளுபடியா, தவணை நீட்டிப்பா?

வானம் பார்த்த பூமியில் கடன் கொடுக்கும் வங்கியை மூன்று கேள்விகளால் எடைபோடலாம். கொடுத்த பணம் திரும்புகிறதா? வெள்ளாமை காசாகும் நேரத்தில் தவணை வருகிறதா? உழுகிறவர் கைக்குக் கடன் போகிறதா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிழைப்பு. இங்கே நுண்நிதி நிறுவனத்தின் வசூல், கடன் கொடுத்த சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. மக்காச்சோளம் கதிர் முற்ற மூன்று மாதத்துக்கு மேலாகும். இடையில் வரும் தவணைக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டியதுதான். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழக அரசு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நகைக்கடனிலோ வங்கிக்கு நட்டமே இல்லை. மகசூல் பொய்த்தால் வீட்டு நகை ஏலத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

கூட்டுறவுச் சங்கம் தரும் பயிர்க்கடன் இவ்விரண்டையும்விட மேலானது. கெடு அறுவடையை ஒட்டி வருகிறது. வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் அதை அரசே ஏற்கிறது. நாணயத்துக்குக் கிடைக்கும் பரிசு இது.

அந்த நாணயத்தைக் குலைப்பது தள்ளுபடி. 2006, 2016, 2021 என மூன்று முறை, தேர்தலை ஒட்டியே, கூட்டுறவுக் கடன்கள் தள்ளுபடியாயின. 2021இல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். நிலுவை வைத்திருந்தவர் தப்பினார். நகையை விற்றாவது முன்பே கட்டி முடித்தவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த தேர்தல் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர் நினைத்தால் குற்றம் யாருடையது?

அதற்காக, பயிர் அழிந்தவரிடமும் கறாராக வசூலிக்கச் சொல்லவில்லை. 2018இல் படைப்புழு இவ்விரு மாவட்டங்களின் மக்காச்சோளக் காடுகளையும் மொட்டையடித்தது. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் கடனைத் திருப்பிக் கட்டும் காலத்தை நீட்டிக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறையே இடம் தருகிறது. அதில் சேதத்துக்கு ஏற்ற சலுகை உண்டு. தள்ளுபடியோ விளைந்த காட்டையும் வாடிய காட்டையும் ஒன்றாகவே பார்க்கிறது.

மூன்றாவது கேள்வியில்தான் சங்கம் சறுக்குகிறது. அது கேட்பது நில உரிமையைக் காட்டும் சிட்டாவும், சாகுபடியைக் காட்டும் அடங்கலும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் பெயரில் சிட்டா கிடையாது. அடங்கலில் அவர் பெயர் ஏற நிலத்துக்காரர் சம்மதிப்பது அபூர்வம். ஆக, வட்டியில்லாக் கடன் நிலம் உள்ளவருக்கு, நுண்நிதியின் வாரத் தவணை நிலம் இல்லாதவருக்கு.

என் தீர்ப்பு இதுதான்: பயிர்க்கடனின் அமைப்பு நிலைக்கத் தக்கது, தள்ளுபடி நிலைக்கத் தகாதது. சேதம் கணக்கிடப்பட்டதும், விவசாயி மனுவோடு அலையாமலே தவணை நீள வேண்டும். குத்தகைதாரருக்குக் கூட்டுப் பொறுப்புக் குழு வழியாகச் சங்கத்தின் கதவு திறக்க வேண்டும். இவ்விரண்டும் நடக்காதவரை, மூன்றில் இரண்டு கேள்விக்கே சங்கத்திடம் பதில் இருக்கிறது.